முதல் ராக் கச்சேரிக்குப் பிள்ளையோடு: பெற்றோருக்கும் அனுமதி தருவோருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி என்றால் சபா என்றிருந்த சென்னையில், இப்போது அதே குளிர்காலத்தில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானமும் தீவுத்திடலும் நேரு உள்விளையாட்டரங்கமும் அதிர்கின்றன. 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் நந்தனத்திலேயே பாடிவிட்டுப் போனார். அதற்கு முந்தைய மாதம் கோல்ட்பிளே குழுவைப் பார்க்க இங்கிருந்து மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். இந்தக் கூட்டங்களில் ஆறு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் நிறையவே கண்ணில் படுகிறார்கள். போஸ்டரில் ‘ராக்’ என்று போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. டிரம்ஸ், பேஸ், இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார், இரு பக்கமும் தொங்கும் லைன் அரே ஸ்பீக்கர், தரையில் அடுக்கிய சப்-ஊஃபர் (அடித்தொனிக்கான ஸ்பீக்கர்) என்று வந்துவிட்டால், மேடையில் நிற்பவர் சினிமாப் பின்னணிப் பாடகரோ, ஐ.ஐ.டி. சாரங் விழாவுக்கு வந்த ராக் குழுவோ, காதுக்குக் கணக்கு ஒன்றுதான்.

அழைத்துப் போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் நம் விதிகள் பிள்ளையின் காதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்பது தெரிந்து போக வேண்டும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மற்ற நேரத்தில், கச்சேரி நடக்கும் இடத்தின் எல்லையில் ஒலி அந்தப் பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ 75 டெசிபலாகவோ, எது குறைவோ அதற்குள், இருக்க வேண்டும். கவனியுங்கள், எல்லையில். அளவுகோலை மதில் சுவருக்குப் பக்கத்தில் வைக்கிறோம். வெளியே குடியிருப்பவரின் தூக்கத்துக்காக எழுதிய விதி இது, அதில் தவறில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்து சப்-ஊஃபருக்கு ஐந்து மீட்டரில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

மற்ற நாடுகளில் இருக்கிறது. பிரான்ஸின் 2017 ஆணை பார்வையாளர் இருக்கும் இடத்தில் 15 நிமிடச் சராசரி 102 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கென்று நடக்கும் நிகழ்ச்சியில் அது 94. சுவிட்சர்லாந்தில் 16 வயதுக்குட்பட்டோருக்கான நிகழ்ச்சி என்றால் ஒரு மணி நேரச் சராசரி 93. உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கான கச்சேரிக்கே 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத்தான் உச்சமாக வைக்கிறது. கூடவே, ஒலி அளவைத் தொடர்ந்து கண்காணிக்க ஆள், கேட்பவருக்குக் காதடைப்பான், காதுக்கு ஓய்வு தர ஓர் அமைதியான இடம் ஆகியவற்றையும் கேட்கிறது. நம் நாட்டில் கோல்ட்பிளே மும்பைக் கச்சேரிக்கு முன் தானே மாவட்டக் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவு, பிள்ளைகளைக் காதடைப்பான் இல்லாமல் விடக் கூடாது, ஒலி 120 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று நோட்டீஸ் அனுப்பியது. முதல் பாதி நல்ல விஷயம். ஆனால் 120 என்பது கண நேர உச்சத்துக்கு வைக்கிற எண். சராசரியை 120 வரை விடலாம் என்று யாராவது படித்துக்கொண்டால் அந்த நோட்டீஸ் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

டெசிபல் கணக்கு நேர்க்கோட்டில் ஏறாது. 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரண்டு மடங்கு. காது தாங்கும் நேரம் பாதி. ஹெட்போன் போன்ற தனிக் கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கு வகுத்த அளவு, வாரத்துக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். கச்சேரிக்கென்று எழுதியதல்ல என்றாலும் காதில் போய்ச் சேரும் ஆற்றல் எதிலிருந்து வந்தாலும் ஆற்றல்தான். அந்தக் கணக்கில் 87 டெசிபலில் இரண்டரை மணி நேரம் இருந்தால் ஒரு வாரத்துப் பங்கு முழுதும் தீர்ந்துவிடும். 99 டெசிபலில் அது தீர ஒன்பது நிமிடம் போதும், அதாவது இரண்டு பாட்டு. மைதானக் கச்சேரியில் சவுண்டு கன்சோல் (ஒலிகளைக் கலந்து கட்டுப்படுத்தும் மேசை) இருக்கும் பந்தலுக்குப் பக்கத்திலேயே 95 முதல் 102 வரை சாதாரணமாக ஓடும். மேடைக்கு முன்னால் அதற்கும் மேல்.

ஆகவே முதல் வேலை காதுக் கவசம். பஞ்சு பிரயோஜனமில்லை. விமானத்தில் போடுகிற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனும் இதற்குச் செய்யப்பட்டதல்ல. எஞ்சின் இரைச்சல் போன்ற சீரான ஒலியை அது வெட்டும், ஸ்னேர் டிரம்மின் அடியை வெட்டாது. பத்து வயது வரை, காதை முழுதாக மூடும் குப்பிகள் கொண்ட, தலைவளையம் உள்ள இயர்மஃப்தான் சரி. சின்னப் பிள்ளைகளின் காதுத் துவாரம் குறுகலானது, ஃபோம் இயர்பிளக் ஒழுங்காக உட்காராது. ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் அதைப் பிடுங்கி வாயில் போடுகிற ஆபத்தும் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு இயர்பிளக் போடுவதானால் விரலில் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் அழுத்தி வைத்திருக்க வேண்டும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது போடாததற்குச் சமம்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. என்.ஆர்.ஆர். (கவசம் சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்ற மதிப்பீடு) 25 என்று போட்டிருந்தால் 25 டெசிபல் குறையும் என்று அர்த்தமில்லை. அது ஆய்வகத்தில் ஒழுங்காக மாட்டி அளந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்பில் பயன்படுத்தும் எச்சரிக்கைக் கணக்கு, அதில் ஏழைக் கழித்துப் பாதியாக்குவது. 25 போட்டது 9 ஆகிவிடும். நன்றாகப் பொருந்தினால் இதைவிடக் கூடுதலாகவே காக்கும், ஆனால் இருட்டில் குதிக்கிற பிள்ளைக்கு இந்த 9-ஐ வைத்தே திட்டமிடுவது நல்லது. உட்காரும் இடத்தில் 96 டெசிபல் என்றால் கவசத்துக்குள் 87. மேலே சொன்ன இரண்டரை மணி நேரக் கணக்கு இங்கேதான் உதவும். 102 டெசிபல் இருக்கும் இடத்தில் அதே கவசத்தோடு நாற்பது நிமிடம்கூட முழுதாகக் கிடையாது.

கவசம் தோற்பது பெரும்பாலும் ஓரத்தில்தான். குப்பியின் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு இழை இடைவெளி இருந்தாலும் ஒலி உள்ளே வந்துவிடும். கண்ணாடிக் காம்பு, ஜிமிக்கி, காதோரம் தொங்கும் மல்லிகைச் சரம், மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை, தொப்பி எல்லாமே அந்த இடைவெளியை உண்டாக்கும். கச்சேரியன்று தோடு சின்னதாக இருக்கட்டும், பூ பின்னால் இருக்கட்டும், எண்ணெய் தடவ வேண்டாம். வளையம் வழுக்கிக்கொண்டே இருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. வீட்டில் மிக்ஸியை ஓடவிட்டு, பிள்ளைக்குக் கவசத்தை மாட்டி, இரு குப்பியையும் உங்கள் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் இன்னும் குறைகிறது என்று பிள்ளை சொன்னால் சீல் சரியில்லை, வளையத்தைச் சுருக்க வேண்டும். கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னிருந்தே தினம் இருபது நிமிடம் மாட்டிப் பழக்கினால்தான் அன்று கழற்றி எறியாது. புதிதாக வாங்கி மைதான வாசலில் பெட்டியைப் பிரிப்பவர்களின் பிள்ளைகள்தான் மூன்றாம் பாட்டில் கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு நிற்கிறார்கள். இதன் விலை பெரும்பாலான கச்சேரிகளில் ஒரு டிக்கெட்டின் விலையைவிடக் குறைவு.

இன்னொன்று. கவசம் கீச்சொலியை நன்றாக வெட்டும், அடித்தொனியை அவ்வளவாக வெட்டாது. பேஸும் கிக் டிரம்மும் நெஞ்சுக்கூட்டில் இடிப்பது அப்படியே இருக்கும். பிள்ளைகள் முதல் பாட்டில் அழுவது பெரும்பாலும் இதற்குத்தான், ‘காது வலிக்கிறது’ என்று சொன்னாலும்கூட. முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதி பயம் போய்விடும். மேடையின் இரு பக்கமும் சப்-ஊஃபர் அடுக்கியிருந்தால் இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து கூடுவது மைதானத்தின் நட்டநடுக் கோட்டில். அங்கிருந்து பத்து மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலே இடி குறைவது தெரியும்.

இடம் பிடிப்பதில் மக்கள் செலவழிக்கும் பணத்துக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் பயனுக்கும் சம்பந்தமே இல்லை. அதிக விலை டிக்கெட் என்பது மேடைக்கு மிக அருகில், நின்று பார்க்கும் பகுதி. ஒன்றேகால் மீட்டர் உயரப் பிள்ளைக்கு அங்கே தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு. பக்கவாட்டு கேலரியின் முன்வரிசை, வழியோர இருக்கை, அதுவும் சவுண்டு கன்சோலுக்குப் பின்னால் அமைந்தால் அதுவே சிறந்த இடம். கன்சோலில் இருப்பவர் தன் காதுக்குத்தான் கலவை செய்கிறார். பாட்டு ஒழுங்காகக் கேட்பதும் அந்தப் பகுதியில்தான். திறந்தவெளியில் தூரம் கூடக் கூட ஒலி குறையும், ஆனால் பெரிய மைதானத்தில் பாதி வழியில் டிலே டவர் என்று தனி ஸ்பீக்கர் கோபுரம் நிறுத்தியிருப்பார்கள். பின்னால் போய்விட்டோம் என்று நினைத்து அதன் அடியில் போய் உட்காருகிறவர்கள் உண்டு. தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளரங்கமானால் கதையே வேறு. சுவரும் கூரையும் திருப்பி அடிப்பதால் ஓரளவுக்கு மேல் பின்னால் போயும் லாபமில்லை, கவசம்தான் துணை.

அளந்து பார்க்க மொபைல் செயலிகள் உண்டு. ஐபோனில் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் செயலி நம்பகமானது; ஆண்ட்ராய்டு போன்களின் மைக் ஒவ்வொன்றும் ஒருவிதம், அதிக சத்தத்தில் திணறிக் குறைத்துக் காட்டும். பிள்ளையின் காது உயரத்தில் பிடித்து ஒரு முழுப் பாட்டுக்காவது சராசரி பாருங்கள். போனே இல்லாமலும் தெரியும்: கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் 85-ஐத் தாண்டிவிட்டது.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்தும் உள்ளே போக முடியாமல் திரும்பியவர்களும், நெரிசலில் பிள்ளையைத் தவறவிட்டவர்களும் என்ன பட்டார்கள் என்பது செய்திகளில் வந்ததுதான். 2021 நவம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் நிகழ்ச்சியில் பத்துப் பேர் இறந்தார்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அதில் உண்டு. அவன் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்திருந்தான். நெரிசலில் அப்பா நினைவிழக்க, அவன் கீழே விழுந்தான். தோளில் தூக்கி வைப்பது பத்திரமென்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். நெரிசலில் தூக்குபவரின் நிலை தடுமாறும். பின்னால் இருப்பவர் மறைக்கிறது என்று தள்ளுவார். ஸ்பீக்கரின் நேர்க்கோட்டில் பிள்ளையின் காதும் போய் நிற்கும்.

ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் வரை நகர முடியும். ஐந்தைத் தாண்டினால் திரும்பவே இடமிருக்காது. அதற்கும் மேல் போனால் கூட்டம் அலை மாதிரி ஆட்டும், கால் தன்னிச்சையாக நகராது. எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இப்படிப் பாருங்கள்: குனிந்து பிள்ளையின் ஷூ லேஸைக் கட்ட முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த நிமிடமே பக்கவாட்டில் வெளியேறுங்கள், பாட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாட்டிக்கொண்டால் பிள்ளையை உங்களைப் பார்த்தபடி மார்புயரத்துக்குத் தூக்கி, உங்கள் இரு கைகளும் அதன் முதுகைச் சுற்றி வேலியாக இருக்கட்டும். இடுப்புயரத்தில் நிற்கும் பிள்ளைக்கு நெரிசலில் காற்றும் கிடைக்காது, அது நசுங்குவது யார் கண்ணுக்கும் தெரியாது. கூட்டம் தள்ளும்போது எதிர்த்து நிற்காமல், தள்ளல் தணியும் இடைவெளியில் சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள்.

நாற்காலி போட்ட பகுதி மட்டும் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். நம் மைதானங்களில் போடுவது ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி. முன்வரிசை எழுந்ததும் பின்னால் இருப்பவர்கள் பிள்ளையை அதன்மேல் நிறுத்துகிறார்கள். ஈர மண்ணில் கால் புதைந்து அது சாயும்; கட்டியிருப்பதால் ஒன்று சாய்ந்தால் வரிசையே சாயும்.

உள்ளே நுழைந்ததும் பிள்ளையை நிறுத்தி ஒரு படம் எடுத்து வையுங்கள். தவறிப்போனால் என்ன நிறச் சட்டை என்று யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் போன் எண்ணை முன்கையில் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதி, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் வியர்வையில் அழியாது. பால்பாயின்ட் பேனா ஒரு மணி நேரம் தாங்காது. தவறினால் எங்கே வர வேண்டும் என்று காட்டிக்கொடுக்க ஏற்ற இடம் அந்தக் கன்சோல் பந்தல். சுற்றிலும் வேலி இருக்கும், விளக்கு இருக்கும், கச்சேரி முடியும் வரை ஆள் இருப்பார். ‘கேட் பக்கத்தில்’ என்றால் எந்த கேட்? பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில் போன் அழைப்பு கிடைக்காது, எஸ்.எம்.எஸ். சில நேரம் போகும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒளி விளக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்ட்ரோப் விளக்கு நொடிக்குச் சில முறை முதல் முப்பது முறை வரை மின்னும் வேகத்தில், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஆபத்து. குடும்பத்தில் அப்படி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். திடீரென்று ஸ்ட்ரோப் வந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்த வேண்டும். கண்ணை மூடிக்கொள்வது மட்டும் போதாது, இமை வழியாகவும் ஒளி போகும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைப்பார்கள், பவர் பேங்கையும்தான். மருந்து இருந்தால் சீட்டோடு கொண்டுபோங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. டிக்கெட்டில் வயது வரம்பைப் பாருங்கள், மடியில் உட்கார வைத்தாலும் தனி டிக்கெட் கேட்கும் நிகழ்ச்சிகள் உண்டு. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிடுங்கள். போட்டிருக்கும் நேரத்துக்குத் தொடங்காது. 10 மணிக்கு முடித்தாக வேண்டும் என்பதால் கடைசி அரை மணி நேரத்தில் சத்தமும் வேகமும் ஏறும். ஆரம்ப ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு இடைவெளியில் கிளம்பினால் முதல் கச்சேரிக்கு அதுவே நிறைவு. கடைசி வரை இருப்பதானால் முடிந்ததும் எழுந்து ஓடாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருங்கள். மெட்ரோ வழக்கமாக இரவு 11 மணி வரை உண்டு.

வீடு திரும்பிய பின் காதில் ‘கொய்ங்’ என்கிறதா, பிள்ளை டிவியை வழக்கத்தைவிடக் கூட்டி வைக்கச் சொல்கிறதா என்று பாருங்கள். உள்காதில் ஒலியை உணரும், மயிர் போன்ற முடிச்செல்கள் களைத்துப் போனதன் அறிகுறி அது. மறுநாள் முழுக்க ஹெட்போன், பட்டாசு, தியேட்டர் வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ ஒரு காது மட்டும் மந்தமானாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். திடீர் செவித்திறன் இழப்புக்கு மருந்து நன்றாகப் பலன் தருவது சீக்கிரம் தொடங்கினால்தான். கோல்ட்பிளேயின் கிறிஸ் மார்ட்டின் தனக்குக் காதிரைச்சல் நோய் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். செத்த முடிச்செல் மறுபடி முளைப்பதில்லை.

காவல்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எங்கள் கோரிக்கை பெரிதல்ல. கச்சேரிக்கு அனுமதி தரும்போது எல்லையில் அளப்பதோடு கன்சோல் அருகிலும் முன்வரிசைத் தடுப்பிலும் 15 நிமிடச் சராசரியை அளந்து பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள், உச்சம் 100. இதற்கான மைக்கும் மென்பொருளும் பெரிய சவுண்டு குழுக்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன, திரையில் எண் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பக்கவாட்டில், தனி வெளியேறும் வழியோடு ஒரு பகுதி ஒதுக்கச் சொல்லுங்கள். வாசலில் இயர்மஃப் வாடகைக்குக் கிடைக்கட்டும், முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தால் திரும்பி வந்துவிடும். டிக்கெட் விற்கும்போதே எந்தப் பகுதியில் எவ்வளவு டெசிபல் எதிர்பார்க்கலாம் என்று அச்சிடச் சொன்னால், மேடைக்கு அருகில் இரண்டு மடங்கு விலை கொடுப்பதா வேண்டாமா என்று பெற்றோரே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
மேடை ஒலி அமைப்பிலும் செவித்திறன் பரிசோதனையிலும் பணிபுரிவோர் சிலர்,
சென்னை